கையோடு எடுத்துப்போக ஒரு மூடிய ஹெட்ஃபோன்: தேர்ந்தெடுக்கும் வழி

வெளியே எடுத்துப்போக நல்ல மூடிய ஹெட்ஃபோன் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், மாடல் பெயருக்குப் போவதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கண்ணாடி போடுவீர்களா? கேட்டவருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆமாம் என்று பதில் வந்தால் பட்டியலில் இருக்கும் பல மாடல்கள் அங்கேயே கழிந்துவிடும்.

நான் ஒலிப்புத்தகங்களுக்கான குரல் பதிவுகளைத் திருத்துகிறவன். வாசிப்பவரின் மூச்சு, ‘ப’ சொல்லும்போது மைக்கில் மோதும் காற்று, ‘ஸ’ வரும்போது காதைக் குத்தும் கூர்மை ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வதுதான் என் பொழுது. இதில் கணிசமான வேலை பயணத்திலும் காத்திருப்பு அறைகளிலும் நடக்கிறது. சுற்றிலும் சத்தம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் கேட்பது கேட்கக் கூடாது. அதனால் மூடிய ஹெட்ஃபோன் தவிர எனக்கு வேறு வழியில்லை. போதாக்குறைக்குத் தடித்த சட்டம் போட்ட கண்ணாடி வேறு.

மூடியது என்றால், டிரைவருக்கு (ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கருக்கு) பின்னால் இருக்கும் கப் அடைபட்டிருக்கும். திறந்த வகையில் அங்கே துளைகளோ வலையோ இருக்கும்; உள்ளே ஓடுவது வெளியே கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும். மூடிய வகையில் இரண்டும் குறையும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாங்கும்போது பலரும் கவனிக்காமல் விடுவது கப்பின் முன்பக்கத்தை. டிரைவருக்கும் உங்கள் காதுக்கும் நடுவே ஒரு சின்னக் காற்றறை உருவாகிறது. காதைச் சுற்றி இயர்பேட் (கப்பின் விளிம்பில் இருக்கும் மெத்தை) இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் அந்த அறை முழுமையாகும். இதைத்தான் சீல் என்கிறார்கள். சீல் கொஞ்சம் விட்டாலும் முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. குரலும் மேல்ஸ்தாயியும் அப்படியே இருக்க, அடியில் இருக்க வேண்டிய கனம் மட்டும் வடிந்துவிடும். ஒரே ஹெட்ஃபோனை ஒருவர் ‘பேஸ் அதிகம்’ என்றும் இன்னொருவர் ‘பேஸே இல்லை’ என்றும் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு தலைகளில் அது இரண்டு ஹெட்ஃபோன்.

அதனால் என் கருத்து இது: மூடிய ஹெட்ஃபோனை ஒப்பிடுவது என்றால் முதலில் உங்கள் தலையில் அது எப்படி உட்காருகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். ஓம், டெசிபெல், கோடெக் எல்லாம் அதற்கப்புறம்.

சீலைச் சோதிப்பது எப்படி

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே நிறைய இருக்கின்றன. வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விடுங்கள். ஒரு தாழ்ந்த ரீங்காரம் சீராகக் கேட்கும். இப்போது தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். வாயைத் திறந்து மூடுங்கள், எதையோ மெல்லுவது போலத் தாடையை அசையுங்கள், சிரியுங்கள். ரீங்காரம் ஏறி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். அடுத்து இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியவுடன் ரீங்காரம் திடீரென்று பெருத்தால், அந்த ஹெட்ஃபோன் உங்கள் தலையில் சரியாக உட்காரவில்லை. லேசாகக் கூடினால் பரவாயில்லை, அது எல்லாவற்றிலும் நடக்கும்.

கண்ணாடியோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை இதைச் செய்யுங்கள். கண்ணாடியின் காம்பு காதுக்கு முன்னால் இயர்பேடைத் தூக்கிப் பிடிக்கும். அதன் மேலும் கீழும் சின்னச் சின்ன முக்கோண இடைவெளி விழும். விரலால் தடவினாலே தெரியும். பேட் தடிமனாகவும், அழுத்தினால் குழைந்து மெல்ல எழும்புகிற மெமரி ஃபோமாகவும் இருந்தால் காம்பைச் சுற்றிப் படிந்துகொள்ளும். மெல்லிய, விறைப்பான பேட் படியாது. காம்பு மெலிதாக இருக்கும் கண்ணாடி ஒன்று கைவசம் இருந்தால் ஹெட்ஃபோன் போடும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள்வது நல்ல யோசனை. நீளமான முடி, காதுக்குப் பின்னால் செருகிய முடி, பெரிய தோடு, அடர்ந்த கிருதா எல்லாம் இதே வேலையைச் செய்யும். எப்போதும் எப்படி வெளியே போவீர்களோ அதே கோலத்தில் போட்டுப் பாருங்கள்.

இதில் நாய்ஸ் கேன்சலிங் (வெளி இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கும் வசதி) உள்ள ஹெட்ஃபோன்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. பலவற்றில் கப்பின் உள்ளேயும் ஒரு மைக் இருக்கும். காதருகே உண்மையில் என்ன ஒலி வந்து சேர்கிறது என்று அது கவனித்துக்கொண்டே இருப்பதால், பேஸ் குறைந்தால் ஓரளவு ஈடுகட்ட முடிகிறது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு வயர்லெஸ் மாடல்களையும் நான் தயங்காமல் சொல்வது இதனால்தான்.

காதின் மேலா, காதைச் சுற்றியா

காதின் மேல் உட்காரும் ஆன்-இயர் வகை சின்னது, லேசானது, பையில் இடம் அடைக்காது. இதில் நெடுநாளாக நிலைத்து நிற்பது சென்ஹைசர் எச்டி 25. 1988-இல் வந்தது, இன்றும் விற்கிறது. கேபிள் இல்லாமல் 140 கிராம்தான். ஒரு கப்பைச் சுழற்றிக் காதைவிட்டு நகர்த்திக்கொள்ளலாம் என்பதால் டிஜேக்களுக்குப் பிடித்தமானது. எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் வாங்கி மாட்டலாம். இந்த ஒரு குணத்துக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை. ஆனால் அவ்வளவு சின்ன ஹெட்ஃபோன் சத்தத்தை அவ்வளவு நன்றாகத் தடுப்பது, காதைத் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பதால்தான். கண்ணாடிக் காம்புக்கும் பேடுக்கும் நடுவே காது மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே வலிக்கத் தொடங்கும். கண்ணாடி இல்லாதவர்கள், அரை மணி ஒரு மணி என்று விட்டுவிட்டுக் கேட்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

காதைச் சுற்றி உட்காரும் ஓவர்-இயரில் பார்க்க வேண்டியது உள்வாயின் அளவு. ஸ்கேலை எடுத்து உங்கள் காதின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஆறு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். இயர்பேடின் உள்வாய் அதைவிடச் சிறியதாக இருந்தால் அது பெயருக்குத்தான் ஓவர்-இயர். மடல் பேடுக்கு அடியில் மடங்கும். ஆழத்தையும் பாருங்கள். கப் ஆழமில்லாமல் இருந்தால் காது மடலின் விளிம்பு உள்ளே இருக்கும் துணியைத் தொடும். போட்டவுடன் ஒன்றும் தெரியாது. அரை மணி கழித்து அந்த ஓர் இடம் மட்டும் சூடாகி எரியத் தொடங்கும். மடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுக் கழற்றினால் இது பிடிபடாது. ஒரு முழு நிகழ்ச்சி ஓடும் நேரமாவது தலையில் இருக்கட்டும்.

எடையை எழுதி வைத்து ஒப்பிடுவது எளிது. சோனி எம்டிஆர்-7506 சுமார் 230 கிராம், சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 250, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 285, ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385-ஐ ஒட்டி. எண்ணைவிட, அந்த எடை எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். ஹெட்பேண்டின் மெத்தை உச்சந்தலையில் அகலமாகப் பரவி உட்கார்ந்தால் 300 கிராமும் தாங்கும். ஒரே புள்ளியில் குத்தினால் 200 கிராமும் தலைவலியைத் தரும். பக்கவாட்டுப் பிடி இறுக்கமாக இருந்தால் சத்தத் தடுப்பு கூடும், தளர்ந்தால் சௌகரியம் கூடும். இந்த இழுபறி எல்லா மாடலிலும் இருக்கிறது. புதிதாக வாங்கியது சற்று இறுக்கமாக இருந்தால், அது வந்த பெட்டியின் மேல் மாட்டி ஓரிரு இரவு விட்டுவைத்தால் தளரும். உள்ளே உலோகப் பட்டை இருப்பவற்றுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். முழு பிளாஸ்டிக் என்றால் விரிசல் விடும்.

பையில் எப்படிப் போகும்

மடிப்பதில் இரண்டு வகை. கப்கள் ஹெட்பேண்டுக்கு உள்ளே சுருண்டு ஒரு பந்து போல ஆவது ஒன்று. கப்கள் திரும்பித் தட்டையாவது மட்டும் இன்னொன்று. இரண்டையும் விளம்பரத்தில் ‘மடிக்கலாம்’ என்றே சொல்வார்கள், படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 உள்ளே சுருளும். 2022-இல் வந்த எக்ஸ்எம்5 திரும்பும், சுருளாது. அதன் பெட்டி பையில் நிறைய இடம் பிடிக்கும். 2025-இல் வந்த எக்ஸ்எம்6-இல் மறுபடி சுருளும் கீலைக் கொண்டுவந்துவிட்டார்கள். தினமும் பையில் போட்டு எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இடம் அடைக்கிறது என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகும் ஹெட்ஃபோன் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் என்ன பயன்? அதே சமயம் கீல் என்பது உடையக்கூடிய இடம். மடிக்கும்போது கடக் கடக் என்று தளர்ந்து ஆடினால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் கீலைவிட உலோகக் கீல் நல்லது.

கேபிள் உள்ளது என்றால், கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோன்களில் முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் கேபிள்தான். பிளக்குக்கு அருகே வளைந்து வளைந்து உள்ளே இழை அறுந்து, ஒரு பக்கம் மட்டும் பாடும். கழற்றக்கூடியது என்றால் புது கேபிளோடு பிரச்சினை தீர்ந்தது. ஆடியோ-டெக்னிகாவின் பழைய எம்50-இல் கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. 2014-இல் எம்50எக்ஸ் வந்தபோது அதைக் கழற்றும்படி மாற்றினார்கள், கூடவே 1.2 மீட்டர் நேர் கேபிள் ஒன்றும் தருகிறார்கள். நடமாட்டத்துக்கு அந்த நீளம் போதும். ஆனால் கப்பில் செருகும் முனை திருகிப் பூட்டும் தனி அமைப்புடையது, எந்தக் கேபிளும் பொருந்தாது. எம்டிஆர்-7506, 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் பார்க்கிற ஹெட்ஃபோன். பேச்சில் இருக்கும் சிறு குறையையும் அது எடுத்துக் காட்டுவதுபோல வேறு பலவும் காட்டுவதில்லை, நான் மனதார விரும்புவது. ஆனால் அதன் சுருள் கேபிள் கழற்ற முடியாதது, கனமானது. நடக்கும்போது தலையைக் கீழே இழுக்கும். மேசைக்குச் சரி, தெருவுக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

கேபிளா, வயர்லெஸ்ஸா

2016-இல் ஐபோன் 7 வந்தபோது 3.5 மி.மீ. துளை போனது, பிறகு மற்ற போன்களிலும் ஒவ்வொன்றாகப் போனது. இன்று கேபிள் ஹெட்ஃபோன் வாங்கினால் பெரும்பாலும் யூஎஸ்பி-சி டாங்கிள் (போனின் சார்ஜ் துளையில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் சின்ன இணைப்பி) ஒன்றும் வேண்டும். இங்கேதான் ஓம் கணக்கு, அதாவது ஹெட்ஃபோனின் மின்தடைக் கணக்கு வருகிறது. அதைப் பலர் தேவையில்லாமல் சிக்கலாக்குகிறார்கள், எளிமையாகவே சொல்கிறேன்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை எடுத்துக்கொள்வோம். மடிக்க முடியாதது, கேபிள் கழற்ற முடியாதது, பயணத்துக்கு உகந்ததல்ல. ஆனால் இந்தக் கணக்குக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக விற்கிறது. மூன்றிலும் உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் என்றே இருக்கும். அப்படியென்றால் மூன்றும் ஒரே சத்தமாகக் கேட்குமா? கேட்காது. போனும் டாங்கிளும் தருவது வோல்ட்டேஜ். ஓம் கூடக் கூட அதே வோல்ட்டேஜில் போய்ச் சேரும் மில்லிவாட் குறையும். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் வகை சுமார் 111 டெசிபெல் வரை போகும், 80 ஓம் 107, 250 ஓம் 102. மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் ஒன்பது டெசிபெல் வித்தியாசம். காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு போலத் தெரியும். ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் ஏறக்குறைய ஒரு வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்கும் அதன் வகை அரை வோல்ட்தான், அதில் இன்னும் ஆறு டெசிபெல் போய்விடும். இந்த எண்கள் உச்சத்துக்கு. இசையின் சராசரி அளவு அதைவிட வெகுவாகக் கீழே இருக்கும், மெல்லப் பதிவான குரல் இன்னும் கீழே. ஆக, போனில் கேட்கப்போகிறீர்கள் என்றால் 16 முதல் 70 ஓம் வரையிலான, உணர்திறன் நூறு டெசிபெலை ஒட்டியோ கூடவோ இருக்கும் ஹெட்ஃபோனைப் பாருங்கள். தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) எதுவும் வேண்டாம்.

அப்புறம், உணர்திறன் எண்ணை ஒப்பிடும்போது அது மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் ஒன்றைத் தரும், மற்றொன்று வேறொன்றைத் தரும். அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

வயர்லெஸ்ஸில் இந்தத் தலைவலி இல்லை. ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) விஷயத்தில் நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் எல்டிஏசியும் உண்டு. அது 330, 660, 990 கிலோபிட் என்று சிக்னலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். நெரிசலான இடத்தில் 990-இல் வைத்தால் விட்டுவிட்டுப் பாடும். போனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் பொதுவான ஒரு நல்ல கோடெக் இருந்தால் போதும். வித்தியாசம் கோடெக்கைவிட ஹெட்ஃபோனின் ட்யூனிங்கில்தான் பெரிதாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. வழக்கமான ப்ளூடூத்தில் ஹெட்ஃபோனின் மைக்கைப் பயன்படுத்தியவுடன் இணைப்பு பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோ ஆகும், இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகக் குறையும். கணினியில் மீட்டிங் தொடங்கியதும் ‘ஹெட்ஃபோன் கெட்டுவிட்டது’ என்று பதறுகிறார்களே, அது கெட்டதல்ல, இந்த மாற்றம்தான். கணினியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒலி பழையபடி வந்துவிடும்.

வயர்லெஸ்ஸில் ஒலி காதுக்கு வந்து சேர ஆகும் தாமதமும் இருக்கிறது. படம் பார்க்கும்போது ஆப்கள் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் ஒலியை வெட்டும்போது, விளையாடும்போது, கருவி வாசிக்கும்போது அந்தத் தாமதம் வேலையைக் கெடுக்கும். எனக்குக் கேபிள் கட்டாயம் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. அதனால் வயர்லெஸ் வாங்கினாலும் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா, பேட்டரி தீர்ந்தால் கேபிளில் பாடுமா என்று பாருங்கள். சோனியின் 1000எக்ஸ் வரிசை பாடும், ஏர்பாட்ஸ் மேக்ஸ் சார்ஜ் இல்லாமல் பாடாது. பாடுகிறவற்றிலும் மின்சாரம் இல்லாதபோது உள்ளே இருக்கும் ஒலிச் சீராக்கம் நின்றுவிடுவதால் குரலின் தன்மை மாறும். மங்கலாகவோ அடைத்த மாதிரியோ கேட்கலாம். இரண்டு நிலையிலும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பேட்டரி என்பது வயர்லெஸ் ஹெட்ஃபோனின் ஆயுள் ரேகை. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனபின் மெல்ல மெல்லக் கொள்ளளவை இழக்கும். அதை மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே தேடிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். மற்ற இடங்களில் விற்கும் மாடல்களும் அதனால் மாறும் என்று நம்புகிறேன்.

சத்தத்தைத் தடுப்பது

போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஹெட்ஃபோனில் சரியாகக் கேட்க முடியாமல் போனபோது, அந்தப் பயணத்திலேயே இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கும் கணக்கைப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான போஸ் ஹெட்செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் நாய்ஸ் கேன்சலிங் சிறப்பாக வேலை செய்வது எஞ்சின், ஏசி, ரயிலின் உருளல் போன்ற தாழ்ந்த, தொடர்ந்த சத்தங்களில்தான். ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக அதன் பங்கு குறைந்து, பேடும் கப்பும் தாமாகத் தடுப்பதே வேலை செய்கிறது. பக்கத்து இருக்கைப் பேச்சும் பாத்திரம் விழும் சத்தமும் முழுக்க மறையாததற்குக் காரணம் அது. ஒப்பிடும்போது, முதலில் நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிட்டு வெறும் கப் எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள். பிறகு போடுங்கள். அணைத்த நிலையிலேயே ஓரளவு அமைதி தருவதுதான் பேச்சுச் சத்தத்துக்கு உதவும்.

சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங் போட்டதும் காதில் ஓர் அழுத்தம் தெரியும், உயரத்துக்குப் போகும்போது வருவது போல. உங்களுக்கு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வந்தால் அளவைக் குறைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். காற்று வீசும் இடத்திலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள், மைக்கில் காற்று மோதி உறுமினால் வெளியில் நடப்பதற்கு ஆகாது. சாலையைக் கடக்கும்போது வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியைப் போட்டுக்கொள்வது அவசியம்.

சத்தத் தடுப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவது காதுக்காக. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் கை தானாக வால்யூமை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75. மூன்று டெசிபெல் கூடினால் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். நாள் முழுக்கக் காதில் மாட்டியிருப்பவர்களுக்கு இது உயிர்நாடியான கணக்கு.

கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடக்கூடிய எண்கள்

5 ஹெர்ட்ஸ் முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். மனிதக் காது 20-இல் தொடங்கி 20,000-இல் முடிகிறது. அதற்குள் எந்த இடம் தூக்கலாக இருக்கிறது, எந்த இடம் பள்ளமாக இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. டிரைவர் 40 மி.மீ.யா 50 மி.மீ.யா என்பதும் அப்படியே.

உதவுவது, தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை எது எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அளந்து வரைந்த அதிர்வெண் வரைபடம். ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் நிறுவனத்தில் 2012-ஐ ஒட்டித் தொடங்கி, எப்படிப்பட்ட ஒலிச் சமநிலை பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது என்று பலரைக் கேட்க வைத்து ஆராய்ந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஹார்மன் வளைவு. ஹார்மனின் கீழ் இருக்கும் ஏகேஜியின் கே371 அந்த வளைவை ஒட்டி நடக்கும் மூடிய ஹெட்ஃபோன், மடிக்கவும் முடியும். வளைவுக்கு அருகே இருக்கும் மாடல்களை முதல் கட்டமாகப் பொறுக்க வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு எப்படிப் போனாலும் அது சீல் முழுமையாக இருக்கும் செயற்கைத் தலையில் எடுத்தது. எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உங்கள் காதின் வடிவத்தைப் பொறுத்து மாறும். நடுப்பகுதியைத்தான் நம்பலாம்.

இரண்டை வைத்துக் கேட்பது

கடைசியில் இரண்டே இரண்டு மாடலில் நிறுத்துங்கள். மூன்றாவது வந்தாலே காது குழம்பும். சத்தம் கொஞ்சம் கூடினாலே அது நல்லதாகத் தோன்றும் என்பதால் முதலில் இரண்டின் வால்யூமையும் ஒத்துவரச் செய்யுங்கள். பாட்டில் அல்ல, பேச்சில் ஒத்துப் பாருங்கள். ஒரே குரல் இரண்டிலும் அதே தூரத்திலிருந்து பேசுவதுபோல இருக்க வேண்டும். பிறகு அரை நிமிடத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். நீளமாகக் கேட்டால் முன்னது மறந்துவிடும்.

நான் பேச்சிலிருந்துதான் தொடங்குவேன். மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம் காதுக்கு நன்றாகத் தெரியும், ஏமாற்ற முடியாது. ஆண்குரல் ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் நடுப்பகுதியின் கீழ்ப்பக்கத்தில் மேடு இருக்கிறது. மூடிய கப்களில் அடிக்கடி வரும் குறை அது. ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள். நன்றாக உச்சரிப்பவரின் பதிவிலும் மூன்றும் குழைந்தால் நடுப்பகுதி மங்கலாக இருக்கிறது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ வரும் வாக்கியங்களில் ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசிபோல ஏறினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கல். கடையில் அது ‘துல்லியம்’ என்று தோன்றும், ஒரு மணி நேரம் கேட்டால் சலிப்பு வரும். இசைக்கு மிருதங்கத்தைப் போல நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. தொப்பியில் (இடப்பக்கம்) எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதம் வளைந்து செல்வதைத் தொடர்ந்து பின்பற்ற முடிய வேண்டும். ‘தொம்’ என்று ஒரே கட்டியாக விழுந்தால் பேஸ் அதிகம், கட்டுப்பாடு இல்லை. வலந்தலை (வலப்பக்கம்) நாதம் அதே நேரத்தில் தனியாக ஒலிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஒரு முறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரே நாளில் ஓயாமல் கேட்டால் எந்த ஒலியும் சரி என்று காது சமாதானமாகிவிடும்.

யாருக்கு எது

வேலைக்குத் துல்லியமும் கேபிளும் வேண்டும், கண்ணாடி இல்லை, அடிக்கடி வெளியே போவீர்கள் என்றால் எம்50எக்ஸ் அல்லது கே371. முன்னதில் பேஸ் சற்றுத் தூக்கல். பின்னது சமநிலையானது, ஆனால் சீலைச் சோதிக்காமல் எடுக்க வேண்டாம். விமானம், ரயில் என்று தினமும் இரைச்சலில் இருப்பவர்களும் கண்ணாடிக்காரர்களும் நாய்ஸ் கேன்சலிங் வயர்லெஸ்ஸுக்குப் போங்கள். அதில் உள்ளே சுருண்டு மடியும், கேபிளிலும் பாடும் ஒன்றை. கரடுமுரடாகப் புழங்குவீர்கள், பத்து வருடம் வர வேண்டும் என்றால் எச்டி 25.

எதுவானாலும் அதன் இயர்பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். செயற்கைத் தோல் பேட் வியர்வையில் ஊறி ஒரு கட்டத்தில் கறுப்புச் செதில்களாக உதிரும். பேட் உதிர்ந்தால் சீல் போச்சு, சீல் போனால் பேஸ் போச்சு. மாற்றும்போது அதே நிறுவனத்தின் பேடையே போடுங்கள். வெல்வெட் துணிப் பேட் வெக்கைக்கு இதமானது, ஆனால் காற்றைக் கசிய விடும். தோல் பேடுக்காக ட்யூன் செய்த ஹெட்ஃபோனில் அதைப் போட்டால் ஒலியே வேறாகிவிடும்.

பிரபல மாடல்களுக்குப் போலிகள் நிறைய. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் எடையை நிறுத்துப் பாருங்கள், சீரியல் எண்ணை நிறுவனத்திடம் சரிபாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சில வேலைகள். மோனோ பேச்சு ஒன்றைப் போட்டால் குரல் சரியாக நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சாய்வும் மாறினால் குறை ஹெட்ஃபோனில். 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏறும் டோனைப் போட்டு ஏதாவது கரகரக்கிறதா என்று கேளுங்கள். கேபிளைப் பிளக்குக்கு அருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கே எடுத்துப்போய், வழக்கமாகக் கேட்கும் நேரம் முழுக்கத் தலையில் வைத்திருங்கள். அதுவரை பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட வேண்டாம்.